ரெண்டு கையெழுத்து கரண்ட் அக்கவுண்ட்

தடித்த புது ட்ரில் துணிக் கட்டைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வரும். கஞ்சியும் நீலச் சாயமும் சேர்ந்து மூக்கில் ஏறி, இரண்டு தும்மல் போட வைத்துவிட்டுத்தான் அடங்கும். விம்கோ நகரில் தையல் யூனிட் ஆரம்பித்த நாட்களை நினைத்தாலே எனக்கு மூக்கு அரிக்கிறது...

நானும் கஸ்தூரியும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரர்கள். நான் ராயபுரம், அவள் வியாசர்பாடி. கம்பெனியை மூடியதும், வந்த செட்டில்மென்ட்டைப் போட்டு நான்கு மெஷின் வாங்கினோம். துறைமுகத்து ஆட்களுக்கு பாய்லர் சூட் தைக்கிற வேலை. சட்டையும் பேன்ட்டும் ஒட்டினாற்போல வருமே, அந்த நீல உடுப்பு.

சரிபாதி பார்ட்னர்கள். கரண்ட் அக்கவுண்ட்டும் அப்படியே. எந்தச் செக் என்றாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தொல்லை அங்கேதான் வந்தது.

கஸ்தூரியின் கையெழுத்து ஒவ்வொரு செக்கிலும் ஒவ்வொரு தினுசாக இருக்கும். துணிக் கடைக்குக் கொடுத்த செக், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று மூன்று தடவை திரும்பியது. மூன்றாவது தடவை கடைக்காரர், "இனிமே ரொக்கம் குடுத்தாத்தாம்மா துணி" என்று சொல்லிவிட்டார். கையில் அதுவரை வராத பெரிய ஆர்டர். மெஷினில் போடத் துணி இல்லை.

போதாததற்கு, மாடியில் இருந்த எங்கள் பேங்க்கில் கூட்டத்துக்கு நடுவே "யாரும்மா கஸ்தூரி?" என்று சத்தமாகக் கூப்பிடுவார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் மாடிப்படி இறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

"எனுக்கு பேஜாரா கீது ஸ்டெல்லா. இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்."

அந்தச் சமயம் பார்த்து மெயின் ரோட்டில் புதிதாக ஒரு பேங்க் திறந்தார்கள். ஏசி, சோபா, கண்ணாடிக் கதவு... அங்கிருந்து டை கட்டிய ஒருவர் எங்கள் யூனிட்டுக்கே வந்தார்.

"செக்கே வேணாம் மேடம். எல்லாம் போன்ல ஒரு ஆப்லயே முடிச்சிடலாம். கையெழுத்துங்கிற பேச்சே இல்ல."

கஸ்தூரி முகத்தில் பல்பு எரிந்தது. நான் ஃபாரத்தை வாங்கிப் படித்தேன். எப்போதும் இவ்வளவு பேலன்ஸ் இருக்க வேண்டும், குறைந்தால் அபராதம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"ஆர்டர் இல்லாத மாசம் இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"ஒனுக்கு இன்னா, நீ பட்ச்சவ. அத்தினி பேர் எதுர்ல மானம் போறது எனுக்குத்தானே!"

அதோடு பேச்சு நின்றது. மூன்று நாள்! கத்தரிக்கோலைக்கூடக் கேட்காமல், எழுந்து வந்து எடுத்துக்கொண்டு போனாள். மெஷின் சத்தம் மட்டும். இந்த யூனிட் இரண்டாக உடைந்துவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நான்காம் நாள் நானே இறங்கி வந்தேன். "சரி, மாத்திக்கலாம். சிரி."

சிரித்தாள். டை கட்டியவர் ஃபாரத்தோடு வந்தார். பேனாவைத் திறந்த கஸ்தூரி திடீரென்று கேட்டாள்.

"அந்த ஆப்பு யாரு போன்ல இருக்கும் நைனா?"

"ஸ்டெல்லா மேடம் போன்ல. உங்களுது பட்டன் போனாச்சே. ஒருத்தர் அமுக்கினா போதும்."

"அப்ப நானு?"

"நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம் மேடம்!" பெரிய பரிசு கொடுப்பதுபோல் சொன்னார்.

கஸ்தூரி பேனாவை மூடினாள்.

"அப்ப நான் இன்னாத்துக்கு பார்ட்னரு?"

 அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒம் மேல டவுட்டு இல்ல ஸ்டெல்லா. ஆனா என் கை படாம நம்ம துட்டு எங்கியும் போவக்கூடாது. கெளம்பு பேங்குக்கு."

"எந்த பேங்குக்கு?"

"பழசுக்குத்தான்!"

ஏறவே மாட்டேன் என்ற படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். நேராக அதிகாரி அம்மாவின் மேஜைக்கே போனாள். "என் கையெய்த்துல இன்னாதான் தப்பு மேடம்? நீங்களே சொல்லுங்கோ."

அந்த அம்மா, கணக்கு திறந்தபோது வாங்கிய மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் போட்டார். ஓடுகிற இங்கிலீஷ் எழுத்து, கடைசியில் ஒரு சுழி.

அப்போதுதான் உண்மை வந்தது. பேங்க் என்றால் இங்கிலீஷில்தான் போட வேண்டும் என்று நினைத்து, கஸ்தூரி தன் மகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்த கையெழுத்து அது. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஞாபகத்திலிருந்து படம் போல வரைந்திருக்கிறாள்.

"தமிழ்ல எழுதுவீங்களா?"

"அத்து சோக்கா எய்துவேன் மேடம்."

"அப்ப தமிழ்லயே போடுங்களேன். யாரும்மா வேணாம்னாங்க?"

கஸ்தூரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புது அட்டையில் எழுதினாள். கஸ்தூரி. முழுசாக, குண்டு குண்டாக, அந்த 'ரி'யின் கொக்கி வரைக்கும் நிதானமாக. எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இது தோன்றவே இல்லையே...

கடைக்காரரிடம் கெஞ்சிக் கொடுத்த அடுத்த செக் பேங்க்குக்குப் போனது. பாஸ் ஆனது. துணி வந்தது. இரண்டு பேரும் தும்மிக்கொண்டே அந்த ஆர்டரைத் தைத்து முடித்தோம். அதற்குப் பிறகு ஒரு செக்கும் திரும்பவில்லை.

இப்போது பன்னிரண்டு மெஷின். அந்தப் பழைய பேங்க்கும் போனுக்குள் வந்துவிட்டது. நான் பணம் அனுப்பப் போட்டால், கஸ்தூரி தன் டச் போனில் ஓகே பண்ணினால்தான் போகும். எதிர் மெஷினில் உட்கார்ந்துகொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள்: "அமுக்கிட்டேன்."

வசதிதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது வாரம் ஒரு நாள் பேங்க்குக்கு இரண்டு பேரும் நடந்து போவோம். வழியில் டீ, சமோசா, வீட்டுக் கதை, மாமியார் கதை... யூனிட்டைப் பற்றி நாங்கள் எடுத்த நல்ல முடிவெல்லாம் அந்த ரோட்டில் எடுத்ததுதான்.

போன மாதம் கேஒய்சி புதுப்பிக்க இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்று மெசேஜ் வந்தது. வேலை நேரத்தில் இது வேறயா என்று நான் முனகினேன்.

"ஏய், கலீஜா வராத. நல்ல பொடவையா கட்டிகினு வா," என்றாள் கஸ்தூரி.

காலையில் பேங்க் திறந்ததுமே போனோம்; பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கீழே இறங்கியதும் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கஸ்தூரி கையை ஆட்டி அதை அனுப்பிவிட்டாள்.

"நடந்தே போலாம் மே."

யூனிட்டுக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகியிருந்தது.