சாச்சா போடாத ஞாயிற்றுக்கிழமை

ஆ செங் சீனன். என்னோடு தமிழில் பேசவே மாட்டான். ஆங்கிலமும் மலாயும் கலந்த ஒரு கலவைதான் எங்கள் இருவருக்கும் பழக்கம். தமிழை அவன் லூர்துவிடம் மட்டும் பேசுவான். லூர்து சொல்லிக் கொடுத்த தமிழ் என்பதால் அதில் மரியாதைப் பன்மையெல்லாம் கிடையாது, யாராக இருந்தாலும் 'நீ'தான். போன மாதம் ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். "ராஜி, லூர்து போயிட்டான். தூங்கறான்னு நெனச்சேன். அவனுக்கும் காப்பி போட்டுட்டேன்," என்றான், தமிழில். எனக்கு உடனே அழுகை வரவில்லை. "இப்ப என்னடா அவசரம் அவனுக்கு?" என்று கத்தினேன். என்னோடு வாழும் விமலாதான் ஓடி வந்து என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிப் பேசினாள்.

இதை நமது டீ டான்ஸ் கூட்டத்தில் மிஞ்சியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். "உனக்குத்தான் வாய் நீளம், நீயே எழுது" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் நம் கூட்டத்தைத் தெரியாத இளையவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூர்து சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு ரெக்கார்டு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று விற்பவன். எழுபதுகளில் தேக்கா பக்கம் போனவர்கள் அவனைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. ஒட்ட வாரிய தலை, இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் மாதா பதக்கம். ஞாயிறு காலை கோயிலில் பூசைக்குப் பாடுவான். மத்தியானம் மூன்று மணிக்கு, நகரத்தில் ஒரு பழைய ஹோட்டலின் இரண்டாம் மாடியில், எங்களுக்காக ரெக்கார்டு போடுவான். மூன்றிலிருந்து ஆறு வரை டீ டான்ஸ். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே திரையை இழுத்துவிட்டு நாங்கள் ஆடுவோம். ஆணோடு ஆண், பெண்ணோடு பெண். அந்தக் காலத்தில் அப்படி ஆட எங்களுக்கு வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் இருந்தது.

அதுவும் லேசில் கிடைக்கவில்லை. போலீசிலிருந்து சோதனைக்கு ஆள் வருவார்கள். இரண்டு ஆண்கள் கட்டிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தால் பெயர், முகவரி, வேலை செய்யும் இடம் எல்லாம் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் வீட்டுக்குத் தெரியும், வேலை போகும். அதனால் லூர்து ஓர் ஏற்பாடு செய்தான். கீழே வாசலில் சீட்டுக் கிழிக்கும் டோலி ஆன்ட்டியின் மேசைக்கு அடியில் ஒரு பொத்தான். அவர் அழுத்தினால் மேலே லூர்துவின் பக்கத்தில் ஒரு சின்ன நீல விளக்கு எரியும். லூர்துவிடம் இரண்டு பிளேயர்கள். ஒன்றில் ஆட்டம் ஓடும். இன்னொன்றில் சாச்சா என்ற ஜோடி நடனத்துக்கான ஒரு ரெக்கார்டு எப்போதும் தயாராக இருக்கும். விளக்கு எரிந்ததும் சாச்சா கேட்கும். கேட்டதும் அவரவர் ஜோடியை விட்டுவிட்டு, ஆண் ஒரு பெண்ணையும் பெண் ஓர் ஆணையும் பிடித்துக்கொள்ள வேண்டும். சோதனைக்காரர்கள் படியேறி வருவதற்குள் அறை முழுக்கக் குடும்பஸ்தர்கள்.

புதிதாக வந்தவர்கள் நடுங்குவார்கள். அவர்களிடம் லூர்து, எங்கள் ஊர் 'லா'வோடு, ஒன்றே ஒன்றுதான் சொல்வான். "பயத்த எங்கிட்ட குடுத்துட்டுப் போய் ஆடுலா. போறப்ப கேட்டு வாங்கிக்க." வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

எனக்கும் விமலாவுக்கும் சாச்சா ஜோடிகள் முடிவாகியிருந்தன. என் சாச்சா புருஷன் ஆ செங். பஸ் பணிமனையில் மெக்கானிக், நகத்தில் எப்போதும் கிரீஸ், ஆனால் காலில் அப்படி ஒரு லாவகம். அவன் லூர்துவின் ஆள். லூர்து ரெக்கார்டை விட்டு நகர முடியாது என்பதால், ஆ செங் வாரா வாரம் அவன் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஓர் ஆரஞ்சு பார்லி பானத்தை மூன்று மணி நேரம் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாச்சா கேட்டால் மட்டும் எழுந்து வந்து என் இடுப்பைப் பிடிப்பான். இப்படியே வருடங்கள் ஓடின. அந்த அறையில் லூர்து எல்லாரையும் ஆட வைத்தான். அவனும் ஆ செங்கும் மட்டும் ஒரு பாட்டுக்குக்கூடச் சேர்ந்து ஆடியதில்லை.

"வீட்டுல ஆடறதுக்கென்ன? எங்க வீட்டுக்கு வாங்க, நானும் விமலாவும் கடைக்குப் போயிடறோம்," என்றேன் லூர்துவிடம் ஒரு நாள்.

"கதவச் சாத்திட்டு ஆடறது எக்சர்சைஸ்லா," என்றான். "நாலு பேரு ஆடற தரையில, நாலு பேருக்கு நடுவுல, ஒரே ஒரு பாட்டு. முழுசா. அது போதும் எனக்கு."

அப்படியானால் ரெக்கார்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றேன். மாட்டானாம். ஒரு நொடி பிந்தினால் எத்தனை பேர் பிழைப்பு போகும் என்று கேட்டான். நான் அப்போது ஓர் அலுவலகத்தில் சுவிட்ச்போர்டு ஆபரேட்டர். விளக்கு எரிந்தால் கம்பியைச் செருகுவதுதான் என் உத்தியோகம், காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. இதைச் சொன்னால் சிரிப்பான். பிடிவாதத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அவன் தங்கை பிலோமினாவின் கல்யாணக் கூத்தைச் சொல்லாவிட்டால் லூர்துவே என்னை மன்னிக்க மாட்டான். கோயில் மண்டபத்தில் விருந்து. அண்ணன்காரனே ரெக்கார்டு போட்டான். நாங்கள் பத்துப் பேர் நல்ல பிள்ளைகளாக இரண்டு மேசைகளில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெட்டியில் கையை விட்டவன், கவனிக்காமல் அந்த சாச்சாவை எடுத்துப் போட்டுவிட்டான். அவ்வளவுதான். பத்துப் பேரும் எச்சில் கையோடு எழுந்து ஓடினோம். யோசிக்கவெல்லாம் இல்லை, காலே எழுந்துகொண்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஆண் கோயிலின் பங்கு ஃபாதர். பிடித்துவிட்டேன். ஆ செங் மாப்பிள்ளையின் அம்மாவை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டான். விமலா மாப்பிள்ளையையே இழுத்துக்கொண்டு போனாள். ஒரு நிமிடம் மண்டபமே வாயைப் பிளந்தது. பிறகு ஃபாதர் என்னைச் சுழற்றினார் பாருங்கள், சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பிரமாதமாக சாச்சா ஆடிய ஆணை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் எழுந்து ஆடியது. மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்குப் போகும்போது, "அந்த சீனப் பையன் யாரு? தங்கமான பிள்ளைலா," என்று பிலோமினாவிடம் கேட்டாராம்.

அன்று லூர்து ரெக்கார்டு பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். கிளம்பும்போது பெட்டியைத் தூக்க நான் ஒரு பக்கம் கைகொடுத்தேன். அப்போது சொன்னான். "சம்பந்தியம்மா கூடயும் ஆடிட்டான், ராஜி. நாந்தான் பாக்கி." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஆண்டுக் கடைசியில் நடைப் போட்டி வைக்கலாம் என்பது அவன் யோசனை. "இதுக்கு ஜோடியே வேணாம். தனியா நடக்கறவன யாரு வந்து என்ன கேப்பா?" என்றான். ஆபீஸ் மேனேஜர், ராணுவ அதிகாரி, மணப்பெண் என்று பிரிவுகள். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அந்த ஆளாகவே நடந்து காட்ட வேண்டும். டிரம் அடி மட்டும் தடதடவென்று ஓடும் ரெக்கார்டாகப் பார்த்துப் போடுவான். நடுவில் சட்டென்று நிறுத்துவான். புகைப்படத்துக்கு நிற்பதுபோல் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். மணப்பெண் பிரிவில் ஒருமுறை டிரம்மை நிறுத்திவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டான், புடவை கட்டி வந்த ஆறடி ஆள் வெட்கப்பட்ட வெட்கத்துக்கு டோலி ஆன்ட்டி கீழிருந்து ஓடி வந்துவிட்டார். நான் லூர்துவின் கோட்டையும் டையையும் மாட்டிக்கொண்டு மேனேஜராக நடந்து பரிசு வாங்கினேன். என் அலுவலக மேனேஜர் நடப்பதை எட்டு வருடம் பார்த்தவள், சும்மாவா? பிறகு ஒரு வீடியோ நாடா கைக்குக் கை மாறி எங்களிடம் வந்தது. அமெரிக்காவில் எங்களைப் போன்றவர்கள் மண்டபம் பிடித்து நடக்கிறார்கள், கையையும் காலையும் வெட்டி வெட்டி நிறுத்தி ஆடுகிறார்கள். லூர்து மூன்று தடவை ஓட விட்டுப் பார்த்தான். "பரவால்ல, நல்லா பண்றாங்க. நாதஸ்வரம்தான் இல்ல," என்றான்.

எண்பதுகளின் கடைசியில் ஹோட்டலை இடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. கடைசி ஞாயிறு. அறை நிரம்பி வழிந்தது. ஐந்தரை மணிக்கு நான் லூர்துவின் மேசைக்குப் பின்னால் போய் அவனை இடித்துத் தள்ளினேன்.

"எழுந்திரு."

"ராஜி, வெளாடாத."

"இன்னிக்கு விட்டா இந்தத் தரையே இருக்காது. பயத்த எங்கிட்ட குடுத்துட்டுப் போய் ஆடுடா."

அவன் வசனத்தையே அவனிடம் சொன்னதும் ரெக்கார்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு ஆ செங்கைப் பார்த்தான். அவன் ஆரஞ்சு பார்லியைக் கீழே வைத்துவிட்டு எப்போதோ எழுந்து நின்றிருந்தான்.

இருப்பதிலேயே நீளமான, மெதுவான பாட்டாகப் பார்த்துப் போட்டேன். ஆறு நிமிடத்துக்கும் மேல். இருவரும் நடுத் தரைக்குப் போனார்கள். லூர்துவுக்கு ஆடத் தெரியவில்லை! இத்தனை வருடம் எல்லாரையும் ஆட்டி வைத்தவன் ஆ செங்கின் காலை மிதித்தான். ஆ செங் அவன் காதில் ஏதோ சொன்னான். இரண்டாவது நிமிடத்தில் கால் சரியாக வந்தது.

மூன்றாவது நிமிடம் நீல விளக்கு எரிந்தது.

என் கை தானாகவே சாச்சாவின் ஊசிக்குப் போனது. அது என் தொழில். போட்டால் அவன் பாட்டு பாதியில் நிற்கும், இனி ஒருநாளும் முழுதாகாது. போடாவிட்டால் அறுபது பேர் மாட்டுவார்கள். லூர்துவும் விளக்கைப் பார்த்துவிட்டான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான், போடு என்று. பாவி. அந்த நேரத்திலும் மற்றவர்களைத்தான் நினைத்தான்.

விமலா என் முகத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினாள். பிறகு பக்கத்தில் ஆடிய ஓர் ஆணின் கையைப் பிடித்து, சாச்சா இல்லாமலே ஜோடி மாறினாள். அவளைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். ஒரு சத்தமில்லை. பத்து எண்ணுவதற்குள் அறை முழுக்க ஆணும் பெண்ணுமாக மாறி, லூர்துவையும் ஆ செங்கையும் நடுவில் வைத்து வட்டம் கட்டிவிட்டது. நெருக்கிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு ஆடினோம் என்று உங்களில் எத்தனை பேர் இன்னும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறீர்கள்!

சோதனைக்கு வந்த இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். குடும்பஸ்தர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டோலி ஆன்ட்டி தட்டில் கறிப்பஃப் நீட்டினார். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். பாட்டில் இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. அதையும் ஆடி முடித்தான் லூர்து. முழுசாக. முடிந்ததும் எழுந்த கைதட்டலில் திரைச்சீலை ஆடியது. வியர்வை சொட்ட ஆ செங் என்னைப் பார்த்துக் கத்தினான், "இன்னொரு பாட்டு, ராஜி!" ஆறு மணி வரை அவர்கள் தரையை விட்டு நகரவே இல்லை.

லூர்துவும் ஆ செங்கும் அதன் பிறகு ஆங் மோ கியோவில் ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தார்கள். அந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் லூர்துவைக் கிடத்தினோம். பிலோமினா என்னிடம் வந்து, "அக்கா, மரண அறிவிப்புல ஆ செங் அண்ணனை என்னன்னு போடறது?" என்று கேட்டாள். "பேர முதல்ல போடு. கேக்கறவங்க கேக்கட்டும்," என்றேன். முதலில்தான் போட்டாள். ஒருவரும் கேட்கவில்லை.

கோயிலில் பூசையன்று நம் கூட்டம் இருபது பேர் வந்திருந்தீர்கள். பாதிப் பேர் கையில் ஊன்றுகோல். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஆ செங் தனியாக நின்றான். கோயில் நிறைய சொந்தக்காரர்கள், பங்குக்காரர்கள், எல்லார் கண்ணும் அவன் மேல். நாம் என்ன செய்தோம்? பழக்கதோஷம். ஒருவர் பின் ஒருவராகப் போய் அவனைச் சுற்றி வட்டம் கட்டினோம். ஆ செங் நிமிர்ந்து பார்த்தான். சத்தமாக, தமிழில் சொன்னான், "தள்ளு, ராஜி. வட்டம் வேணாம். எல்லாரும் பாக்கட்டும்."

தள்ளினோம். பெட்டியின் மேல் கையை வைத்து, அத்தனை பேர் பார்க்க, அவன் நின்றான். முன்வரிசையிலிருந்து பிலோமினாவின் மாமியார், தொண்ணூறு வயது, எழுந்து போய் அவன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த சாச்சா ரெக்கார்டை ஆ செங் எனக்குக் கொடுத்துவிட்டான். அலமாரியில் இருக்கிறது, போட்டுப் பார்க்க மனமில்லை. இன்னொன்றும் என்னிடம் இருந்தது, லூர்து. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் ஆடினாயே, அந்தப் பயம். நீ திருப்பிக் கேட்கவே இல்லை. அன்று கோயிலில் ஆ செங் அப்படி நின்றபோது, இப்போதாவது இவனிடம் கொடுத்துவிடலாமா என்று என் கைப்பையைத் துழாவினேன். கைக்குட்டைதான் இருந்தது.