கிளாரா கேட்ட மூன்று மாதம்

நதாலிதான் எனக்கு ஃபோன் செய்தாள். ஸ்கேன் அறையில் ஒரு நோயாளியின் மார்பில் கருவியை வைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி மறுபடி அடிக்கவே எடுத்தேன். "டாக்டர், அத்த போய்ட்டாங்க. காப்பி போட எழுந்தவங்க அடுப்படியிலயே விழுந்துட்டாங்களாம். தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுலேர்ந்து இப்பதான் எனக்குச் சொன்னாங்க." குரலில் அழுகை இல்லை. நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. கிளாராவும் அவருடைய அண்ணன் மகள் நதாலியும் முகம் பார்த்துப் பேசி வெகுநாளாகியிருந்தது. அந்த நதாலியே செய்தி சொன்னது எனக்குச் சாவைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

கிளாரா எப்படிப்பட்ட ஆராய்ச்சியாளர் என்று, அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நதாலி விஷயத்தில் அவர் கல்நெஞ்சக்காரி என்று உங்களில் சிலர் பேசினீர்கள். அடக்கத்துக்கு வந்த இடத்தில்கூட அந்த முணுமுணுப்பு என் காதில் விழுந்தது. நதாலியைச் சோதித்த இதய மருத்துவன் என்ற முறையில் அந்த ஸ்கேன் அறையில் அவரோடு இருந்தவன் நான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருடைய வாழ்நாள் வேலை ஒரே ஒரு புரதம். டைட்டின் என்று பெயர். உடம்பில் இருக்கும் புரதங்களிலேயே அதுதான் மிகப் பெரியது. தசை என்பது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளின் வரிசை. டைட்டினின் ஒரு முனை அறையின் சுவரிலும், மறுமுனை நட்டநடுவிலும் கட்டப்பட்டிருக்கும். தசை இழுபட்டால் இதுவும் நீளும். விட்டால் சுருங்கித் தசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இதயம் இரத்தம் நிரம்பி விரியும்போது, அது அளவுக்கு மேல் விரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் இதுதான். முதலாண்டு மாணவர்கள் விழித்தால் கிளாரா நீட்டி முழக்க மாட்டார். "பழைய பாவாடையில எலாஸ்டிக் போனா என்னா ஆவும்? அதான் இதயத்துக்கும் ஆவும்" என்பார். வகுப்பு சிரித்து ஓயும்வரை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய ஆய்வகத்தில் ஒற்றை டைட்டின் மூலக்கூறைப் பிடித்து மிக நுண்ணிய ஊசிமுனையால் இழுப்பார்கள். அதில் சுருட்டி மடித்த மணிகள் கோத்தது போல நூற்றுக்கணக்கான பகுதிகள் உண்டு. விசை ஏற ஏற அவை ஒவ்வொன்றாகப் பட்டென்று அவிழும். திரையில் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். மாணவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு உடனே அடுத்த மூலக்கூறுக்குத் தாவுவார்கள். அங்கேதான் கிளாராவிடம் மாட்டுவார்கள். "இழுத்தா எல்லாமே நீளும். விட்டா திரும்புதான்னு பாத்தியா?" என்று மேசையைத் தட்டுவார். விசையைத் தளர்த்தி, காத்திருந்து, அவிழ்ந்தவை மறுபடி மடிகின்றனவா என்று பார்க்காத எந்தச் சோதனையையும் அவர் கணக்கில் சேர்த்ததில்லை. அந்தக் காத்திருப்பில் எனக்கெல்லாம் கொட்டாவி வந்துவிடும்.

இனி அவருடைய குடும்பம். முத்தியால்பேட்டையில் அவர்களுடையதைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். தாத்தா, அப்பா, அண்ணன் என்று மூன்று தலைமுறையும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள். அண்ணன் விடுப்பில் வந்திருந்தபோது மூச்சு வாங்கியது. ஸ்கேனில் பார்த்தால் இதயம் பறங்கிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. காரணம் தெரியவில்லை. மரபணுச் சோதனை செய்யச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவர் கிளாரா. விடை வந்தது: டைட்டின் மரபணுவில் பிழை, புரதம் பாதியிலேயே அறுந்து நிற்கிறது. ஆண்டுக்கணக்காகத் தன் கையால் இழுத்துப் பார்த்த பொருள் அண்ணனின் நெஞ்சில் அறுந்திருந்ததை அவர் அன்றைக்குத்தான் அறிந்தார். அண்ணன் அதிக நாள் இருக்கவில்லை.

கிளாராவும் சோதித்துக்கொண்டார். அவருக்குப் பிழை இல்லை. நான் வாழ்த்துச் சொன்னேன். "ஒரே வயித்துல பொறந்தோம். அவனுக்கு வந்தது எனக்கு வரல. இதுல என்னா வாழ்த்து?" என்று எரிந்து விழுந்தார். அப்போது நதாலியின் சோதனை முடிவு வரவில்லை. வந்தபோது அவளுக்கு அப்பாவின் பிழை இருந்தது.

பிழை இருக்கிற எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. கடைசிவரை ஒன்றுமே ஆகாமல் இருப்பவர்களும் உண்டு. நதாலியோ விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓடினால் நிறுத்தாமல் ஓடுகிற பெண். அப்பா இருந்த அதே ராணுவத்தில் சேர விண்ணப்பித்திருந்தாள். தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. என்னிடம் ஸ்கேனுக்கு வந்தாள். துடிப்பு நன்றாக இருந்தது. இடது கீழறை மட்டும் இருக்க வேண்டியதைவிடச் சற்றுப் பெரிது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இதயம் அப்படித்தான் இருக்கும். நோயின் முதல் படியிலும் அப்படித்தான் இருக்கும்.

"ஓட்டக்காரி இதயம்னுதான் எனக்குப் படுது. தேர்வுக்குப் போகட்டும், வருஷா வருஷம் பாத்துக்கலாம்" என்றேன். கிளாரா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "படுதுன்னா? மூணு மாசம் ஓட்டத்த நிறுத்தட்டும். பயிற்சியால பெருத்ததுன்னா தானா சுருங்கிடும். சுருங்கலைன்னா இவ அப்பன் வழி." தேர்வு அதற்குள் முடிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும். படுக்கையைவிட்டு இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த நதாலி அப்படியே நின்றுவிட்டாள். "அத்த, இந்த வாட்டி விட்டா வயசு தாண்டிடும்" என்றாள். "தாண்டட்டும்" என்றார் கிளாரா. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அன்று சாயங்காலம் நதாலியின் அம்மா வயலெட் என் வீட்டுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே கிளாராவும் வந்தார். "புருஷனக் குடுத்துட்டு நிக்கறேன். புள்ளையாவது தல நிமிந்து போவட்டும்னு பாத்தா, நீ உன் ஆராய்ச்சிய எம் பொண்ணு மேலயே காட்றியா கிளாரா?" என்று வயலெட் கத்தினார். தெருவே கேட்டிருக்கும். கிளாரா பதிலுக்குக் கத்துவார் என்று நினைத்தேன். "அண்ணி, மூட்டையத் தூக்கிக்கிட்டு ஏதோ மலையில ஓடச்சொல்ல அவ விழுந்தான்னு உங்களுக்கு ஒரு சேதி வந்தா, நான் எங்க போயி மூஞ்ச வச்சிக்கறது?" என்றார். வயலெட் எழுந்து போய்விட்டார். கிளாரா என் வீட்டு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நதாலி ஓட்டத்தை நிறுத்தினாள். அத்தைக்காக அல்ல, அம்மா கடைசியில் பயந்துவிட்டதால். தேர்வு நாள் வந்து போயிற்று. அந்த மூன்று மாதமும் கிளாரா என்னிடம் சரியாகப் பேசவில்லை. கோரிமேட்டில் எங்கள் மருத்துவமனை முன்னால் பேருந்திறங்கி வரும் நோயாளிக் கூட்டத்துக்கு நடுவே எதிரே வந்தால், "சுருங்கிடும், இல்ல?" என்று ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். சுருங்கிவிட்டால் அந்தப் பெண்ணின் ஆசையை வீணாகக் கெடுத்த பாவம் அவர் தலையில். சுருங்காவிட்டால் அதைவிடக் கொடுமை. இரண்டில் எதற்காக அவர் ஜெபம் செய்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது ஸ்கேன் அன்று அறையில் நாங்கள் மூவர் மட்டும். கீழறையின் குறுக்களவை எடுத்தேன். சரிபார்க்க மறுபடி எடுத்தேன். அளவு இறங்கவில்லை. துடிப்பும் முன்பைவிடக் கொஞ்சம் சோர்ந்திருந்தது. எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் கிளாரா நதாலியின் பக்கத்தில் உட்கார்ந்து, "திரும்பலடி. நோய்தான். இப்பவே மருந்து ஆரம்பிச்சா நல்லா இருக்கலாம். பட்டாளம் கெடையாது" என்று சொல்லிவிட்டார். சுற்றி வளைக்கவில்லை. தோளைத் தொடப்போன கையை நதாலி தட்டிவிட்டாள். "சந்தோஷமா? உங்க புரோட்டீன் உண்மைன்னு ஆயிடுச்சில்ல?" என்று கேட்டுவிட்டு வெளியே போனவள், அதன்பின் அத்தை வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை.

மருந்துக்கு அவள் என்னிடம்தான் வந்தாள். அவள் வந்துபோன அன்றெல்லாம் சொல்லிவைத்தாற்போல் கிளாராவின் ஃபோன் வரும். "எப்டி இருக்கா?" என்பார். அறை மெல்லச் சுருங்கத் தொடங்கியது, துடிப்பு தேறியது என்று நான் சொன்ன நாளில் அளவை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். கோவத்துலயாவது என்ன நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்" என்றார்.

நான் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில், எல்லோரும் மண் போட்டுக் கலைந்த பிறகு நதாலி என்னிடம் வந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவளே முந்திக்கொண்டாள். "அத்த மேல இன்னும் கோவமாதான் இருக்கேன் டாக்டர். இன்னிக்கும் கொறையல." மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா கோவப்பட நான் உசுரோட இருக்கேன்ல."

கிளாராவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத் தாங்கும் தெம்பைத்தான். என் ஸ்கேன் அறையில் கசப்பான ஒன்றைச் சொல்ல வாய் தயங்கும்போது, உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன். நேற்றுகூட ஒருவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.