மர்சூக் நானா தச்ச கொடி

எங்க மர்சூக் நானாவப் போல ஒரு பயந்தாங்கொள்ளிய யட்டியாந்தோட்டையில மட்டுமில்ல, கேகாலை வரைக்கும் போயித் தேடுனாலும் கெடைக்காது. பழிக்கிறதுக்காகச் சொல்லல. எங்க ஊரு முஸ்லிம் ஆளுங்க, சோனகருங்க, அண்ணன நானான்னுதான் கூப்பிடுவாங்க. அவரு டெய்லர் கடையில ரெண்டாவது மிசின்ல உக்காந்து வருசக்கணக்கா தைக்கிறவ நான். பேரு கிருஷ்ணகுமாரி, பஜாருல எல்லாருக்கும் குமாரி. தோட்டத்துல றப்பர் பால் வெட்டிக்கிட்டு இருந்தவ, முழங்கால் போனதும் இங்க வந்து ஒட்டிக்கிட்டேன். ஒரு மனுசனுக்கு எவ்வளவு பயம் இருக்க முடியும்னு கூட இருந்து பாத்தவளுக்குத்தான் தெரியும்.

பூப்போட்ட துணி குடுத்தா மத்த டெய்லருங்க அளவப் போட்டு வெட்டிட்டுப் போவாங்க. இவரு மேசையில விரிச்சுப் போட்டு, அந்தப் பூ ஒடம்புல எந்த எடத்துல வந்து விழும்னு பாப்பாரு. தாமரை உக்கார்ற எடத்துல வரக்கூடாது. எழுத்து எதுவும் காலுக்குக் கீழ போகக்கூடாது. வட்டமா ஏதாவது இருந்தா போச்சு, என்னைக் கூப்பிட்டுருவாரு.

"நல்லாப் பாரு புள்ள. ஒனக்கு இது என்னத்தப் போல ஈக்குது?"

"பணியாரம் போல இருக்கு நானா, வெட்டுங்க. அந்தப் பொம்பள அஞ்சு மணி பஸ்சுக்குப் போகணும்."

கத்துவேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். ஈஸ்டர் குண்டு வெடிச்சு, முஸ்லிம் ஆளுங்களையெல்லாம் சந்தேகமாப் பாத்த வருசம், கடை வாசல்ல தொங்குன ஒரு ஜன்னல் சீலையில வட்டம் வட்டமா ஏதோ டிசைன் இருந்துச்சு. அது பௌத்த ஆளுங்க கும்புடுற தர்மச்சக்கரம், வேணும்னே தரையில படுற மாதிரித் தொங்கவிட்டிருக்கான்னு எவனோ ஒரு வெறுவாக்கலங்கெட்டவன் கெளப்பிவிட்டான். பொலிஸ் வந்து, பாத்து, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆனா அவங்க வந்து போறவரைக்கும் வாசல்ல ஒரு கூட்டம் நின்னுச்சு. அதுல நின்னவங்கள்ல பாதிப் பேரு நானா தச்ச கால்சட்டையோடதான் நின்னாங்க. பொலிஸ் வந்தத மனுசன் மறந்துட்டாரு, அந்தக் கூட்டத்த மறக்கல.

இப்படிப்பட்ட ஆளு தலையிலதான் எங்க நாட்டுச் சிங்கக்கொடி வந்து விழுந்துச்சு.

எங்க தோட்டத்துத் தங்கம்மாவோட மக சுகந்தினி நல்லாப் பாடுவா. மெட்ராசுல ஒரு டிவிக்காரன் நடத்துன உலகத் தமிழ்ப் பாட்டுப் போட்டிக்கு அவளத் தெரிவு செஞ்சுட்டாங்க. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், கனடா, எலங்கைன்னு நாட்டுக்கு ஒருத்தர். பேருக்குத்தான் அது பாட்டு, நடந்தது கிரிக்கெட் மெச். மலேசியாப் புள்ள நல்லாப் பாடிட்டா இங்க மூஞ்சத் திருப்பிக்கிறாங்க. நம்ம புள்ளைக்கு மார்க் கொறஞ்சா, நடுவரு இந்தியாக்காரன்னு அவன் பரம்பரையவே இழுக்கிறாங்க. பாட்டுல ஒரு வார்த்தை வெளங்காத சிங்கள ஆளுங்ககூட "அப்பே லங்காவ", நம்ம எலங்கைன்னு போன்ல வோட்டுப் போட்டாங்க. எங்க கடைக்கு எதுத்தாப்புல ஹாட்வெயார் கட வச்சிருக்குற சிங்கள முதலாளி, ஞாயித்துக்கெழமை சாயந்திரமானா டிவியத் தூக்கி வாசல்ல வச்சுருவாரு. ரோட்டுல வாகனம் போக வழியிருக்காது.

சுகந்தினி கடைசிச் சுத்துக்கு வந்துட்டா. அந்தச் சுத்துல ஒவ்வொரு புள்ளையும் அவ அவ நாட்டுக் கொடி மாதிரி உடுத்திக்கிட்டு மேடைக்கு வரணுமாம். அந்த உடுப்ப அவ ஊரு டெய்லர்தான் தைக்கணுமாம். தைக்கிறதப் படம்புடிச்சு, பாடுறதுக்கு முன்னாடி காட்டுவாங்களாம். குடும்பத்தையும் மெட்ராசுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. தங்கம்மா பால்வாளிய வச்ச கையோட கடைக்கு ஓடி வந்துட்டா.

நானா மிசின நிப்பாட்டிட்டு என்னைப் பாத்தாரு.

"கொடிய உடுப்பாத் தைக்க ஏலுமா புள்ள? அதுக்குச் சட்டம் ஒண்டு ஈக்குதெண்டு சொல்றாங்களே."

"மெட்ராசுல போடுறதுக்கு இங்க என்ன சட்டம்?"ன்னேன்.

"தைக்கிறது இங்கதானே. அதுவும் நான். மர்சூக் சிங்கத்த வெட்டினாண்டு ஒருத்தன் சொன்னா போதும்."

மொத மொதல்ல பள்ளிக்கூடம் போன நாள்லேர்ந்து தங்கம்மா புள்ளைக்கு யூனிபோர்ம் தச்சது இவருதான். "வேற யாருகிட்ட போவேன் நானா?"ன்னு மட்டும் கேட்டா. அன்னைக்கு ராத்திரி மனுசன் பொட்டுத் தூக்கமில்லன்னு அவரு பொஞ்சாதி றுகையா சொன்னாங்க. காலையில வந்ததும் மெரூன் துணிய மேசையில விரிச்சாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

அதுக்கப்புறம் பட்ட பாடு இருக்கே. சிங்கம் எங்க விழணும்? இடுப்புக்குக் கீழ வந்தா, புள்ள உக்காந்தா சிங்கத்துமேல உக்காந்த கணக்கு. நெஞ்சுல வச்சா, ஒடம்புக்கு ஒட்டப் புடிக்கிற தையல்ல சிங்கம் கையில புடிச்சிருக்குற வாள் வளைஞ்சு போகும். வளைஞ்ச வாளோட சிங்கத்த எவன் சும்மா விடுவான்? கடைசியில மஞ்சத் துணியில சிங்கத்தத் தனியா வெட்டி, முன்பக்கம் தையல் குறுக்க வராத மாதிரி வச்சு, சுத்திவரக் கையாலயே தச்சாரு. பாக்குறவங்களுக்கு எடப்பக்கத் தோள்லேர்ந்து பாதம் வரைக்கும் ஒரு பச்சப் பட்டி, அதுக்குப் பக்கத்துல ஆரஞ்சுப் பட்டி. கொடியில எப்படி இருக்கோ அப்படி. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொன்னா அதுக்கும் பயப்படுவாருன்னு நான் சொல்லல.

அந்த நேரம் பாத்து டிவிக்காரங்ககிட்டேர்ந்து தங்கம்மா போனுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்துச்சு. உடுப்பு வேலையப் பாத்துக்கிற பொண்ணு, அனுப்புன போட்டோவப் பாத்துட்டுப் பேசுனா. "அம்மா, அந்த க்ரீனும் ஆரஞ்சும் வேணாங்க. இந்தியாப் பொண்ணு டிரஸ்லயும் அதே ரெண்டு கலர். ஸ்டேஜ்ல பாத்தா ரெண்டு நாடும் ஒண்ணு போலத் தெரியும், போட்டின்னு தோணாது. சிங்கமும் மெரூனும் போதும், கெத்தா இருக்கும்."

நானா அத மறுபடி போடச் சொன்னாரு. கேட்டுட்டு மிசின விட்டு எந்திரிச்சுட்டாரு.

"புள்ள, அந்தப் பச்சை எங்கட ஆக்களுக்கு. ஆரஞ்சு ஒங்கட ஆக்களுக்கு. அந்த ரெண்டும் இல்லாமச் சிங்கம் மட்டும் தனிய நிக்கிற கொடி, அது வேற கொடி. அதத் தூக்கிக்கொண்டு திரியிறது ஆரெண்டு தெரியுமா? நாடு சிங்கள ஆக்களுக்கு மட்டுந்தானெண்டு கத்துறவங்க. அத நான் என்ட கையால தைக்கிறதா? தச்சா எங்கட ஆக்கள் கேப்பாங்க. இந்தப் பக்கம், கொடியப் பிழையாத் தச்சிட்டான் சோனகனெண்டு சிங்கள ஆக்கள் கேப்பாங்க."

"சொன்ன மாதிரி செய்யலன்னா புள்ளையத் தூக்கிருவாங்களோ?"ன்னு தங்கம்மா அழ ஆரம்பிச்சுட்டா. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிருச்சு. ஒரு பக்கம் இவ, ஒரு பக்கம் அவரு, நடுவுல அந்த மெட்ராசுக்காரி. கடைசியில நானாதான் சொன்னாரு. "முழுக் கொடியாத்தான் தந்தீக்கிறன் எண்டு சொல்லுங்கொ. வேணாமெண்டா அவங்களே பாத்துக்கொள்ளட்டும். பிழை என்ட கையால வரக்கூடாது."

அடுத்தது படம்புடிக்கிற கூத்து. த்ரீவீல் ஓட்டுற யோகராஜ் போனப் புடிச்சுக்கிட்டு நிக்க, அந்தப் பொண்ணு மெட்ராசுலேர்ந்து வீடியோ கோல்ல சொல்லச் சொல்ல எடுத்தான். நானா புதுச் சேர்ட் போட்டு, தொப்பி வச்சு, தாடிய ஒதுக்கி மிசின்ல உக்காந்தாரு. காட்டிருவாங்களேன்னு பயம், காட்டாம விட்டுருவாங்களோன்னும் ஒரு தவிப்பு. ரெண்டும் மூஞ்சில தெரிஞ்சுச்சு. நல்லா நேரம் எடுத்தாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு, "சார், ஒரே ஒரு ஷாட்டுக்கு அந்தம்மா மிசின்ல உக்காரட்டுமே"ன்னுச்சு. நான் உக்காந்தேன். "அம்மா, தச்சுக்கிட்டே கண்ணக் கொஞ்சம் தொடச்சுக்குங்க." கண்ணுல தூசு விழுந்தாத்தான் தொடைப்பேன்னேன். யோகராஜ் கையில போன் குலுங்குற அளவுக்குச் சிரிச்சான்.

உடுப்பு தங்கம்மாவோட பறந்து போச்சு. அந்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் நானா சாப்பிட்டாரான்னே தெரியல. கடை வாசல்ல யாராவது நின்னா நிமிந்து பாப்பாரு. ஏன் நிக்கிறாங்கன்னு என்னைப் போயிக் கேட்டுட்டு வரச்சொல்லுவாரு. "பஸ்சுக்கு நிக்கிறாங்க நானா, நீங்க ஊசியில நூலக் கோருங்க"ன்னு சொல்லிச் சொல்லி நானும் வாசல்ல நிக்கிறவங்கள எட்டி எட்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டேன்.

அன்னைக்கு ஹாட்வெயார் வாசல்ல தலைதான் தெரிஞ்சுச்சு. தோட்டத்து ஆளுங்க, பஜாரு ஆளுங்க, சிங்களம், தமிழ், முஸ்லிம் எல்லாரும். நானா மட்டும் கடைக்குள்ள ஷட்டரப் பாதி எறக்கிவிட்டு உக்காந்துட்டாரு. "படத்துல என்னைக் காட்டினா வந்து சொல்லு புள்ள"ன்னாரு.

இந்தியாப் புள்ள வந்ததும் பொடியன்மாரு ஊளையிட்டாங்க. மலேசியாப் புள்ளைக்கும் அதேதான். அப்புறம் எலங்கைன்னு பேரு வந்ததும் ஒரு விசில். படம் ஓடுச்சு. றப்பர் மரம், லயத்து வீடுங்க, எங்க கடை, எங்க மிசின். மிசின்ல நான். நான் மட்டுந்தான். "மலையகத்து அத்தை ஒருத்தர் தன் மருமகளுக்காகத் தன் கையாலேயே தைத்த கொடி"ன்னு ஒரு கொரல் உருகி உருகிச் சொல்லுது. நான் யாருக்கு அத்தை? மர்சூக் நானாவோட தொப்பி இல்ல, தாடி இல்ல, கை கூட இல்ல. பேரும் இல்ல. கூட்டம் திரும்பி என்னைப் பாத்துக் கைதட்டுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு.

அந்தக் கைதட்டு ஓய முன்னாடி சுகந்தினி மேடைக்கு வந்தா. வெறும் மெரூன், நடுவுல சிங்கம். பட்டி ரெண்டும் இல்ல. பிரிச்சு எடுத்துட்டு ஒட்டுப் போட்ட எடத்துல துணி சுருங்கி, உடுப்பு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நின்னுச்சு.

பின்னாலேர்ந்து ஒரு ஆளு கேட்டான், "அனித் பாட்ட தெக கோ?" மத்த ரெண்டு நெறமும் எங்கன்னு. எங்க தோட்டத்து ஆளுங்களும் அதையேதான் தமிழ்ல கேட்டுக்கிட்டாங்க. முதலாளி கதிரையில உக்காந்தபடியே திரும்பி என்னைப் பாத்தாரு. "மேக மெஹுவே ஒயாத?"ன்னாரு, இத நீயா தச்சன்னு. இப்பத்தான் கைதட்டுன அத்தனை மூஞ்சியும் என்னையே பாக்குது. பொறந்ததுலேர்ந்து பேசுற சிங்களம், ஒரு வார்த்தை வாயில வரல. நானா வருசக்கணக்கா எதுக்குப் பயந்தாருன்னு எனக்கு அப்பத்தான் ஒடம்புல ஏறுச்சு.

ஷட்டர் தூக்குற சத்தம் கேட்டுச்சு.

பாதி ஷட்டருக்குக் கீழால எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்த மர்சூக் நானா வந்து கூட்டத்துக்கு நடுவுல, எனக்கு முன்னால நின்னாரு. அவரு வராம இருந்திருக்கலாம். அவரு பேரு எங்கயும் வரல, யாரும் அவரக் கேட்கல.

"மம தமயி மெஹுவே"ன்னாரு. நான்தான் தச்சேன்னு. "பாட்ட தெகம தெம்மா." ரெண்டு நெறத்தையும் போட்டுத்தான் தச்சேன், முழுக் கொடியாத்தான் அனுப்புனேன், அங்க அவங்க பிரிச்சு எடுத்துட்டாங்கன்னு சிங்களத்துலயே சொன்னாரு.

முதலாளி டிவி சத்தத்தக் கொறைச்சுட்டு, மறுபடி சொல்லச் சொன்னாரு. நானா மறுபடியும் சொன்னாரு, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமா. முதலாளி திரையப் பாத்தாரு, நானாவப் பாத்தாரு. "ஹரி"ன்னாரு, சரின்னு. அவ்வளவுதான். அது நல்ல ஹரியா கெட்ட ஹரியான்னு எனக்கு இன்னமும் தெரியாது. கூட்டம் திரும்பவும் டிவி பக்கம் திரும்பிருச்சு.

நாங்க கடைக்கு வந்துட்டோம். பூட்டுறதுக்கு அவரு சாவிய எடுத்தாரு. நான் வாங்கிப் பூட்டுனேன். கோபந்தான் வந்துச்சு எனக்கு.

"எதுக்கு நானா வெளிய வந்தீங்க? ஒங்களத்தான் காட்டவே இல்லையே. தப்பிச்சோம்னு உள்ளயே இருந்திருக்கலாம்ல?"

நானா ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"காட்டிருவாங்களோண்டுதான் புள்ள நான் இவ்வளவு நாளும் சோறு தின்னாம இருந்தது. காட்டல்ல எண்டதும் நெஞ்சு பத்திச்சு. பட்டியையும் பிரிச்சு எடுத்தாங்க, என்னையும் எடுத்தாங்க. இனி நானும் போயி ஒளிச்சா, மிச்சம் என்ன ஈக்குது?"

எதுத்தாப்புல கைதட்டுறாங்க. சுகந்தினி என்ன பாட்டுப் பாடுனான்னு நாங்க ரெண்டு பேரும் கேக்கல.