யானைக்கு ஒரு கட்டம்

ஞானமுத்து செல்லதுரை (பிறப்பு 1962, தேவாலா) கல்வித் துறை அலுவலகம் ஒன்றின் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின்னும் கணக்கு அவரை விடவில்லை. ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும், கூடலூர்ப் பகுதியின் முப்பத்தாறு பள்ளிகளைத் தேர்ச்சி விழுக்காட்டின்படி வரிசைப்படுத்தித் தேவாலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். விழுக்காடு சமமாயின் சராசரி மதிப்பெண் முடிவு செய்யும். பிரசங்கத்தை மறந்தவர்களும் பட்டியலை மறப்பதில்லை.

மூன்றாண்டுகளாக முதலிடம், அவர் மனைவி ஜெஸிந்தா தலைமையாசிரியராக இருந்த தேவாலாப் பள்ளிக்கே. பதினொரு பேர் எழுதுவார்கள், பதினொருவரும் தேறுவார்கள். 2025 மே மாதம் அது இருபத்தொன்பதாம் இடத்துக்கு உருண்டது. அறிவியல் தேர்வன்று யானை சாலையை மறித்து நிற்க, மகாலட்சுமி என்ற மாணவி பேருந்திலேயே மாட்டிக்கொண்டாள். வராதவர் தேறாதவர் என்பது செல்லதுரையின் விதி. டிசம்பரில் ஓய்வு பெறவிருந்த ஜெஸிந்தாவுக்கோ இதுவே கடைசிப் பட்டியல்.

பட்டியலை ஒட்டுவதற்கு முந்தைய மாலை ஜெஸிந்தா கணவருக்குத் தேநீரை மேசையில் வைத்தார்.

"ஏனுங்க, பதினொண்ணுல ஒண்ணு போனா எத்தனை?"

"தொண்ணூறு புள்ளி ஒன்பது."

"டவுன் ஸ்கூல்ல இருநூறுல ஒண்ணு போச்சே?"

"தொண்ணூத்தொம்பதரை. எட்டாம் இடம்."

"அங்கயும் ஒரு பிள்ளைதானுங்க. எங்க மகாலட்சுமி மட்டும் பதினெட்டுப் பிள்ளை கனமா?"

பதினெட்டு புள்ளி ஒன்று எட்டு என்பதே சரியான விடை. செல்லதுரை அதைச் சொல்லாமல் தேநீரைக் குடித்தார். பிறகு 'யானை' என்று புதிய கட்டம் வரைந்து, யானையால் வராதவரை மொத்த எண்ணிக்கையிலிருந்து நீக்கினார். பத்துக்குப் பத்து, மறுபடி முதலிடம்.

மறுநாள் ஆராதனை முடிவதற்குள் யானைகள் பெருகின. ஸ்ரீமதுரைத் தலைமையாசிரியர் வசந்தகுமார், வழியில் யானையைக் கண்டு நடுங்கியபடி எழுதித் தேறாத இருவரையும் நீக்கச் சொன்னார். டவுன் பள்ளியின் பாண்டியன், தம் பக்கம் யானை வராததால் காட்டெருமையைக் கணக்கில் கொள்ளுமாறு எழுத்துமூலம் மனுக் கொடுத்தார். மறுத்தால் மனைவிக்கு மட்டும் சலுகை என்ற பேச்சு வரும். செல்லதுரை எல்லாவற்றையும் ஏற்றார். பட்டியல் நான்கு முறை மாறியது. தேறாத பிள்ளைகள் நீங்க நீங்க மற்றப் பள்ளிகளும் நூறு விழுக்காட்டைத் தொட்டு, சராசரியிலும் ஏறி, தேவாலா பதினான்காம் இடத்தில் போய் நின்றது.

ஜெஸிந்தா பட்டியலைப் பார்த்தார். அவருக்கு உறுத்தியது இடமன்று.

"யானையை ஏத்தறதுக்கு எங்க பிள்ளைய எறக்கிட்டீங்களே. பத்துக்குப் பத்துங்கறீங்க, நான் பதினொரு பேருக்கில்லீங்க பாடம் நடத்துனேன்?"

செல்லதுரை யானைக் கட்டத்தை அடித்தார். காட்டெருமையும் அதோடு போயிற்று. ஜூலைத் துணைத்தேர்வில் மகாலட்சுமி தேறினாள். துணைத்தேர்வை எல்லாப் பள்ளிக்கும் சேர்ப்பதென்று புது விதி எழுதினார். தேவாலா பதினொன்றுக்குப் பதினொன்று. அவளது மதிப்பெண்ணும் சேர்ந்ததில் சராசரி சற்றே இறங்கி, இரண்டாம் இடம். ஜெஸிந்தாவே பசையைக் கலக்கிக் கொடுத்தார்.

செல்லதுரை கடைசியாகப் பட்டியலைத் திருத்தி ஒட்டியது 2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை.