அவர் கையில் கட்ட வேண்டிய பட்டை

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் நர்ஸ் அக்காவுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. பிரஷர் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். நடுவில் பேசிவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து. மெஷினைக் குறை சொன்னால் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். “மெஷின் என்ன பண்ணும்? கையில பட்டையைக் கட்டுற லட்சணம் அப்படி” என்பார். நான் அடுத்த அறையில் ரத்தக் குழாய்களை ஸ்கேன் செய்பவன். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு என்பதால் அவருடைய எரிச்சல் முழுவதும் என் காதில்தான் விழும்.

எரிச்சலில் நியாயம் இருந்தது. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு டிஜிட்டல் பிரஷர் மெஷினைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். காலையும் மாலையும் பார்க்க வேண்டும். எண்களை மெஷினே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். ஒருவர் பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டார். இன்னொருவர் மாடிப்படி ஏறிய கையோடு பார்த்துவிட்டு, மெஷின் ஓட்டை என்று சண்டைக்கு வந்தார். இவர்களோடு மல்லுக்கட்டியும் அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு வராதது அதிசயம்தான்.

இவர்களுக்கு நடுவில் ஒரு பஸ் டிரைவர். கை ஒவ்வொன்றும் தூண் மாதிரி. அலமாரியைக் குடைந்து பெரிய அளவுப் பட்டையை எடுத்துக் கொடுத்தார் அக்கா. முதல் தடவை மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்தபோது பாதி நாள் எண்களே இல்லை. மறுநாள் அவர் வீட்டுக்கு அக்கா போன் போட்டுப் பொரிந்து தள்ளினார். போனை எடுத்தது டிரைவரின் மனைவி.

“ஒரு வேளை விட்டாலும் ஆராய்ச்சியே பாழாயிடும், தெரியுதா?” என்றார் அக்கா அவரிடம்.

அதற்குப் பிறகு ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனால் எண்கள் எல்லாம் உச்சாணிக் கொம்பில் நின்றன. இங்கே வைத்துப் பார்த்தால் அவ்வளவு இல்லை. ஆஸ்பத்திரியில் அடங்கி வீட்டில் ஏறும் ரகமும் உண்டு என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். வீட்டு எண்கள் அசையவில்லை. இன்னும் கூட்டினார்.

போன முறை டிரைவர் மனைவியோடு வந்தார். உட்கார்ந்து பார்த்தபோதே பிரஷர் குறைவு. எழுந்து நிற்கச் சொன்னதும் தள்ளாடி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு இருட்டுது சிஸ்டர். வண்டி ஓட்டும்போது இப்படி வந்துருமோன்னு பயமா இருக்கு.”

பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் இருப்பார்களே. நான் தடுப்பைத் தாண்டி வந்து நின்றேன். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த மெஷினை அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டை சின்ன வளையமாகச் சுருண்டு, அப்படியே படிந்து கிடந்தது. டிரைவரின் மணிக்கட்டில் வேண்டுமானால் ஏறும்.

“இதை யார் கையில கட்டுறீங்க?”

“என் கையிலதான்” என்றார் அந்த அம்மா. “அவரு விடியறதுக்குள்ள கிளம்பினா ராத்திரிதான் வருவாரு. நீங்கதானே ஒரு வேளையும் விடக் கூடாதுன்னு சொன்னீங்க?”

“அதுக்கு?”

“புருஷன் பொண்டாட்டிதானே சிஸ்டர். ஒரே சோறு, ஒரே உப்பு. ரத்தம் மட்டும் வேற மாதிரியா ஓடப்போகுது?”

எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முறைத்த முறைப்பில் அடங்கினேன்.

டாக்டர் வந்தார், கேட்டார், தலையில் அடித்துக்கொண்டார். மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்து எழுதினார். எண்களையும் டிரைவரையும் ஆராய்ச்சியில் இருந்து நீக்கச் சொன்னார்.

“டாக்டர், அப்ப அந்த நம்பரெல்லாம் இவங்களோடது...” என்று அக்கா ஆரம்பித்தார்.

“இவங்க நம்ம ஆராய்ச்சியில இல்லையே. வெளிய ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டச் சொல்லுங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதவை ஓர் உதை விடலாம் போல இருந்தது எனக்கு. அக்கா சின்னப் பட்டையை எடுத்து அந்த அம்மாவின் குச்சிக் கையில் கட்டினார்.

“ஒல்லிக் கையில பெரிய பட்டையைக் கட்டினா பிரஷர் குறைச்சலாத்தான் காட்டும்” என்றார் என்னிடம்.

மெஷின் காற்றை நிரப்பியது, நிறுத்தியது, போதாமல் மறுபடியும் இறுக்கியது. வீட்டு எண்களையும் தாண்டி நின்றது எண். அக்கா மறு கையில் கட்டிப் பார்த்தார். அங்கேயும் அதே கதை.

“தலை வலிக்குமாம்மா?”

“காலையில வலிக்கும். வேலையில மறந்துரும்.” அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அவருக்கு மாத்திரையைக் குறைச்சாச்சுல்ல? அப்ப நாங்க கிளம்புறோம்.”

டிரைவர் எழுந்திருக்கவில்லை. மனைவியின் கையில் பட்டை பதிந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு நாளா உன் மாத்திரையையா நான் முழுங்கிட்டு இருந்தேன்?”

“அதுக்கென்ன இப்போ” என்றார் அந்த அம்மா. “வீட்டுக்குள்ளதானே போச்சு.”