ஆபீசரம்மா வீட்டுப் பால்

விலங்கியல் படித்த பெண்ணுக்கு வங்கியில் என்ன வேலை என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். மனப்பாடம் செய்துவைத்திருந்த பதிலை ஒப்பித்தேன். உண்மையான பதில் அந்தமானில், டாலிகஞ்சில் ஒரு மாட்டுக் கொட்டகையில் காத்திருந்தது.

பயிற்சியில் இருக்கும் அதிகாரியை மேஜைக்கு மேஜை மாற்றி உட்காரவைப்பார்கள். போர்ட் பிளேர் கிளையில் நான் கடன் பிரிவுக்கு வந்த வாரமே, கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. வங்காளியான எங்கள் மேனேஜர் அதை என் பக்கம் தள்ளினார்.

"ஆப் தோ சயின்ஸ் வாலி ஹேன். காய் ஆப் ஹி தேக்கியே."

சயின்ஸ்காரியாம், மாட்டை நான்தான் பார்க்கவேண்டுமாம். கல்லூரியில் நான் அறுத்துப் பார்த்ததெல்லாம் தவளையும் கரப்பானும்தான். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அப்போது என் கவலை வேறு. கைக்குழந்தை எடை ஏறவேயில்லை. பகலில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டார். மாலையில் நான் தூக்கினால் காற்றடைத்த தலையணை மாதிரி இருப்பான். குடித்த கையோடு மறுபடி பசிக்கு அழுவான். "மழை முடியறதுக்குள்ள பிள்ளை தேறலைன்னா நீ வேலையை விட்டுடு" என்று கணவர் சொல்லியிருந்தார். அது நியாயம்தானோ என்று எனக்கே தோன்றும். பிறகு, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படித்து எழுதிய வங்கிப் பரீட்சை ஞாபகம் வரும்.

நாங்கள் குடியிருந்த இடத்தின் பெயர் டெய்ரி ஃபார்ம். பெயரில் இருந்த பால் தெருவில் இல்லை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் பால் மாவு. கப்பல் எப்போதோ ஒருமுறைதான்; மற்ற நாட்களுக்கு டாலிகஞ்சிலிருந்து ஒரு பால்காரம்மா வருவார். அவருக்குப் பெயர் உண்டு என்பதையே நான் நினைத்ததில்லை. ஜீப்பை விட்டு இறங்கியபோதுதான் தெரிந்தது, விண்ணப்பத்தில் இருந்தது அவர் பெயர்.

"அட, நம்ம வீட்டம்மாவா அந்த ஆபீசரு? காலைலேருந்து கொட்டகைய மூணு தடவ கழுவிட்டேன்!"

"நான் உங்க வாடிக்கை. நான் பார்க்கறது சரியான்னு தெரியலையே."

"வேற யாரு வந்து பாப்பாங்க? இந்த ஊருல எங்கிட்டப் பால் வாங்காத ஆபீசரு உங்க மேனேஜரு ஒருத்தருதான். அவரு டப்பாப்பாலு."

டீ கொடுத்தார். கடன் கேட்பவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று பயிற்சியில் சொன்னதைச் சொன்னேன். டீயைத் தானே குடித்துவிட்டு, என் கண்முன்னே ஏற்கெனவே இருந்த பசுவைக் கறந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டேன். தண்ணீர் கலந்திருந்தால் அது இறங்கிவிடும். இறங்கவில்லை. நல்ல பால். ஆனால் இத்தனை கெட்டியான பாலை நான் பார்த்ததேயில்லை.

"எங்க வீட்டுக்கு வர்றது இப்படி இல்லையே?"

"அது எப்படி இருக்கும்? பச்சப்புள்ள வீடு. செரிக்காதுன்னு உங்களுக்கு மட்டும் சரிபாதி தண்ணி விளாவித்தான் கொண்டாறேன்."

"ஐயோ, டாக்டர் சொன்னார்னு நானும் பாதிக்குப் பாதி ஊத்தறேனே!"

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "அப்ப இத்தன நாளு புள்ள குடிச்சது பாலா, மழையா?"

"தண்ணி ஊத்தினதுக்கும் பால் விலைதானே வாங்கினீங்க?"

"ஏம்மா, கெணத்துலேருந்து தண்ணி தானா ஏறி வருமா?"

நான் மாட்டைப் பார்த்தேன். அது வைக்கோலை மென்றுகொண்டிருந்தது.

"விடுங்க, நாளைலேருந்து சுத்தமான பால் வரும்" என்றார். அங்கேதான் எனக்கு அடுத்த பயம் பிடித்தது. கடன் முடிவாகும் முன்பே அதிகாரி வீட்டுக்குப் பால் கெட்டியானால் அதற்குப் பெயர் என்ன?

"கூடாது. லோன் முடிவாகற வரைக்கும் நீங்க வழக்கம்போல ஊத்துங்க. நான் ஊத்தறதை நிறுத்திக்கறேன்."

"தண்ணி ஊத்து, தண்ணி ஊத்துன்னு கெஞ்சுற மொத வாடிக்கை நீங்கதாம்மா. படிச்சா இப்படியும் ஆகுமா?"

என் முன் கறந்த பால் கலப்பில்லாதது என்று அறிக்கை எழுதினேன். எங்கள் வீட்டுப் பாலின் கதையை மேனேஜரிடம் வாயால் சொன்னேன். மறைத்தால் தப்பு, எழுதினால் அசட்டுத்தனம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடனுக்குக் கையெழுத்தும் போட்டார்.

கணவரிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியதுமே பையன் பசியடங்கித் தூங்க ஆரம்பித்தான். கடன் கிடைத்த பிறகு முழுப் பால் வந்தது. தொடையில் மடிப்பு விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, கணவர் அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பாயில் கிடத்தினார்.

"என்ன பண்ணினே?"

"இன்ஸ்பெக்ஷன்."

அவன் தொடை மடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு, நாளைக்கு ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக எந்தப் புடவையை இஸ்திரி போடவேண்டும் என்று கேட்டார்.