முடிக்கோட்டு எழுத்து

திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த அச்சகத்தில் நான் மிஷின் மிதித்தேன். அங்கே ஈயத்தில் வார்த்த ஓர் இங்கிலீஷ் எழுத்து வகை இருந்தது. நிமிர்ந்த கோடு தூண் கனம், குறுக்குக் கோடு தலைமுடி கனம். அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. வக்கீல் எழுத்து என்போம். வக்கீல்களின் விசிட்டிங் கார்டுக்கும் பெரிய வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கும்தான் அது வெளியே வரும். வழவழப்பான தாள் கேட்கும், மை கொஞ்சமாகக் கேட்கும், அழுத்தம் கூடினால் முடிக்கோடு முறிந்துவிடும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. திமிரும் அதே அளவு. முறிந்ததை உருக்கப்போடும் தகர டப்பாவில் எறியும்போது முதலாளி எங்கள் பரம்பரையையும் சேர்த்துத் திட்டுவார்.

எழுத்துக் கோக்கும் எங்கள் கம்பாசிட்டர் தன் மகளைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்தார். சம்பந்திக்கு நிலமும் உண்டு, வறட்டு ஜம்பமும் உண்டு.

"பிரஸ்ஸுல வேல செஞ்சிக்கினு இன்னாத்துக்கு யோசன? வக்கீல் ஊட்டுப் பத்திரிக கணக்கா இங்கிலீஷ்ல ஓணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கம்பாசிட்டர் முதலாளியிடம் போய்க் கைகட்டி நின்றார்.

"உம் பொண்ணுக்கு அந்த எழுத்து கேக்குதா? டப்பாவுல கெடக்குது பாரு, பொறுக்கிக்கோ" என்றார் முதலாளி.

பொறுக்கினார். நடுக்கோடு போன எச் இரண்டு கம்பமாக நின்றது, ஏ ஒற்றைக் காலில் நின்றது. நானும் அழுத்தம் குறையும்படி தாளுக்கு அடியில் அட்டையைக் குறைத்து, மெத்தென்று அச்சிட்டுக் கொடுத்தேன். சம்பந்திக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பளபளப்பைப் பார்த்தே பூரித்துப்போனார்.

முதல் பத்திரிகையை முதலாளிக்கு வைப்பதுதானே முறை. கம்பாசிட்டர் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். முதலாளி கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"இன்னா நைனா, பாக்காம வாங்கிக்கினியா? இதெல்லாம் என் குப்ப டப்பா எழுத்து. ஒண்ணுத்துக்கும் கை கால் இல்ல பாரு."

சொல்லிவிட்டு அதே தட்டிலிருந்து வெற்றிலை எடுத்து மென்றார். அந்த வாயில் புழு விழாதா என்று இருந்தது எனக்கு.

கல்யாணம் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் தேவலை. மாமியார் வீட்டில் கம்பாசிட்டர் மகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பிள்ளை பெற்ற பிறகும் "ஏ டப்பா எழுத்து, தண்ணி கொண்டாடி" என்றுதான்.

சில வருஷம் கழித்து முதலாளி செத்தார். கருமாதிப் பத்திரிகையை வக்கீல் எழுத்திலேயே போடச் சொன்னார்கள் அவருடைய மகன்கள். கம்பாசிட்டர் நல்ல எழுத்துப் பெட்டியை மூடிவிட்டுத் தகர டப்பாவைக் கவிழ்த்தார். அவர் கோத்துக் கொடுத்ததை நான் அட்டையைக் கூட்டி, வெறி தீர அழுத்தினேன். மிச்சமிருந்த முடிக்கோடும் முறிந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தில்கூடப் பட்டதில்லை. மகன்கள் அவசரத்தில் பிரித்துப் பார்க்காமலே பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு கார்டை மட்டும் எடுத்து, பொதட்டூர்பேட்டைக்கு அவள் பெயருக்குத் தபாலில் போட்டேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த எழுத்து தெரியும். கருமாதிக் கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம், வீட்டில் வைக்க மாட்டார்கள். அவள் கிழிக்கவில்லை. தன் கல்யாணப் பத்திரிகை இருந்த பெட்டியிலேயே அதையும் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று அவள் அப்பா சொன்னார்.